புத்தகம் கட்டிய பொடியன் – மைக்கேல் பரடேயின் கதை

ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டு மலரிலும் ஒரு பெரியாரின் வாழ்க்கை வருவது எங்கள் சங்கத்தின் வழக்கம். நாவலர், விபுலாநந்த அடிகள், பாரதியார் எண்டு எங்கட பெரியார்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். இம்முறை மலர்க்குழு அண்ணை ஒருவர் என்னைக் கேட்டபோது, ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எழுதலாமோ என்று திருப்பிக் கேட்டேன். ஆர் ஆள் என்றார். பரடே என்றேன். கரண்ட் கண்டுபிடிச்ச ஆளோ என்றார். கரண்ட் அவருக்கு முந்தியே இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்தை வாசிக்க உங்கள் தலைக்கு மேல் எரிகிற விளக்குக்கு மின்சாரம் வருகிற வழியைக் காட்டியவர் அவர்தான். (கூரையில் சோலார் பூட்டியிருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். இரவில் நீங்களும் அவரிடம்தான் வரவேண்டும்.)

நான் படித்தவன் அல்ல. உயர்தரத்தோடு படிப்பு நின்றது. டண்டினோங் பக்கம் ஒரு பக்ரறியில் மெஷின் ஓட்டுகிறேன். அதனால் இதைப் பேராசிரியர் எழுதின கட்டுரையாக நினைக்காமல், ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பற்றி எழுதினதாக வாசியுங்கோ.

எனக்குப் பரடேயை முதலில் அறிமுகப்படுத்தியது புத்தகம் அல்ல, சைக்கிள். வன்னியில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கட ஊரில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்குத்தான். இரவில் பிபிசி தமிழோசை கேட்பதற்குப் பெரியப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். நாங்கள் முறைவைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். ரயரில் உரசுகிற டைனமோவில் இருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். நடுவில் ஒரு டயோட்டையும் அவர் ஒட்டியிருந்தார். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைத்துப் போகும். அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க முற்றத்தில் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு 2009 ஓகஸ்ட்டில் நான் உயர்தரப் பரீட்சை எழுதியது செட்டிகுளம் முகாமுக்குள். அந்த வருசத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கூடார வரிசையில் பௌதிகவியலுக்கு ஒரே ஒரு புத்தகம் இருந்தது. முன் அட்டை இல்லை, பின்னால் கொஞ்சப் பக்கமும் இல்லை. ஆர் எழுதினது, ஆர் அச்சடிச்சது எண்டே தெரியாது. ஏழு பேர் பங்கு போட்டுப் படித்தோம். மின்காந்தத் தூண்டல் என்ற பாடத்தில், சுருளுக்குள் காந்தத்தை வைத்தால் சுருளில் மின்னோட்டம் பாயும் என்று அதில் கிடந்தது. ஏழு பேரும் அப்படியே பாடமாக்கினோம். அது பிழை. எப்படிப் பிழை என்பதைப் பின்னால் சொல்கிறேன். எங்களுக்கு அது பிழை எண்டு அறிய வழி இருக்கவில்லை. ஒரு புத்தகம் சரியோ பிழையோ எண்டு பார்க்க இன்னொரு புத்தகம் வேணும், அல்லது ஒரு மாஸ்டர் வேணும். இரண்டும் இல்லாதவன் என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு இருநூறு வருசத்துக்கு முன்னமே இலண்டனில் ஒரு பொடியன் மறுமொழி கண்டுபிடித்து வைத்திருந்தான். அது எனக்கு இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மைக்கேல் பரடே 1791 செப்ரெம்பர் 22ஆம் திகதி இலண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பன் ஜேம்ஸ் கொல்லுத் தொழிலாளி, வடக்கே இருந்து பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு இலண்டனுக்கு வந்தவர். நோயாளி, ஒழுங்காக வேலைக்குப் போக முடியாது. 1801இல் தானிய விலை ஏறினபோது ஒன்பது வயதுப் பரடேக்கு ஒரு கிழமைக்கு ஒரு பாண் எண்டு வீட்டில் அளந்து கொடுத்தார்களாம். நிவாரண அட்டையோடு வரிசையில் நிண்ட எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது வாசிக்கவும் எழுதவும் கொஞ்சம் கணக்குப் பார்க்கவும் மட்டுமே. உலகத்திலேயே பெரிய பரிசோதனை விஞ்ஞானிகளில் ஒருவருக்குக் கடைசிவரைக்கும் உயர்ந்த கணிதம் தெரியாது என்பதை நான் வாசித்தபோது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது உண்மை.

1804இல் பதின்மூன்று வயதில் பிளண்ட்போர்ட் வீதியில் ஜோர்ஜ் ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்னவென்றால் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தக் காலத்தில் பேப்பர் விலை அதிகம் எண்டபடியால் கடைக்காரர் அதை வாடகைக்குக் கொடுப்பார். ஒரு வீட்டில் வாசித்து முடித்ததும் பொடியன் போய் வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்க வேணும். அடுத்த வருசம் ரிபோ அவரைப் புத்தகம் கட்டும் தொழில் பழக ஏழு வருச ஒப்பந்தத்தில் எடுத்தார். வழக்கமாக வாங்குகிற பழகு பணத்தையும் வாங்கவில்லை.

இந்த ரிபோ பிரான்சு தேசத்தில் இருந்து வந்து குடியேறியவர். அவரின் வீட்டு மாடியில் மஸ்கரியே என்ற ஓவியர் வாடகைக்கு இருந்தார். அவரும் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி ஓடிவந்தவர். பரடே அவரின் சப்பாத்தைத் துடைத்து அறையையும் கூட்டிவிட, அவர் பரடேக்குப் படம் வரையப் பழக்கினார். பின்னாளில் தன் குறிப்புப் புத்தகங்களில் பரடே வரைந்த கருவிப் படங்கள் எல்லாம் அந்தக் கூலியில் வந்தவைதான். அகதியாக வந்தவர்கள் வந்த ஊருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் ஒருக்கா எழுதிக்கொள்ளலாம்.

கடைக்குக் கட்ட வருகிற புத்தகங்களைப் பரடே வேலை முடிந்தபின் வாசித்தார். ரிபோ அதற்கு ஏசவில்லை. ஒருநாள் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பில் ஒரு தொகுதி கட்ட வந்தது. அதில் மின்சாரம் என்ற தலைப்பில் நூறு பக்கத்துக்கு மேல் ஒரு பெரிய கட்டுரை. எழுதியவர் ஜேம்ஸ் டைற்லர் எண்ட ஸ்கொத்லாந்துக்காரர். இவர் ஒரு விசித்திரமான மனுசன். பிரித்தானியாவில் முதன்முதல் பலூனில் ஏறிப் பறந்தவர், கடன்காரர், பிறகு அரசாங்கத்துக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதி வழக்கு வந்து அமெரிக்காவுக்கு ஓடித் தப்பியவர். (பாருங்கோ, இவரும் எங்கட ஆள்.) மின்சாரம் என்பது ஒரு விதப் பாய்மம் எண்டு ஒரு கட்சியும், இல்லை இரண்டு விதப் பாய்மம் எண்டு இன்னொரு கட்சியும் அப்போது சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. டைற்லர் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லி, இரண்டிலும் குறை கண்டு, தன் எண்ணத்தையும் வைத்தார்.

இது பரடேக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் எண்டு நான் நினைக்கிறேன். மின்சாரத்தைப் பற்றி அவர் படித்த முதல் எழுத்தே மற்றவர்களோடு வாதாடுகிற எழுத்து. பெரிய பெரிய ஆட்களே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை அவர் பதினைந்து, பதினாறு வயதிலேயே கண்டுகொண்டார். எங்களுக்குக் கிடைத்த அட்டையில்லாப் புத்தகமோ ஒரு வசனத்திலும் சந்தேகப்படாமல் தேவாரம் மாதிரி ஓடியது.

இரண்டாவது புத்தகம் ஜேன் மார்செற் என்ற அம்மையார் எழுதிய இரசாயன உரையாடல்கள். 1806 அளவில், எழுதினவர் பெயர் போடாமலே வெளிவந்தது. ஒரு ஆசிரியையும் கரோலைன், எமிலி என்ற இரண்டு பெண்பிள்ளைகளும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லுவதாக நடக்கும். பெண்பிள்ளைகளுக்கு எழுதின புத்தகம் எண்டு பல படித்த ஆம்பிளைகள் கையில் எடுக்காமல் விட்டிருப்பார்கள். பரடே எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், அதில் சொன்ன விசயங்களில் தன் காசுக்குக் கட்டுப்படியானவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். கிழமைக்கு ஒரு சில பென்னிதான் அவருக்கு மிஞ்சும். செய்து பார்த்தபோது புத்தகம் சொன்னபடியே நடந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகத்தை நம்பினார். தான் நம்பத்தகுந்த ஒரு நங்கூரம் கிடைத்ததாக வயதுபோன காலத்தில் அவர் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். உலகப் புகழ் வந்த பின்பும் தன் ஆராய்ச்சிகளை அந்த அம்மாவுக்கு அனுப்பி, தன் முதல் ஆசிரியை எண்டு மரியாதை செய்தார். அப்போது அவரை நேரிலும் தெரிந்திருந்தது. வாசித்த காலத்தில் அவர் பெயர்கூட அட்டையில் இல்லை.

கலைக்களஞ்சியத்தில் வாசித்த மின்சாரத்தையும் சும்மா விடவில்லை. கண்ணாடிப் போத்தலையும் மரத்துண்டுகளையும் கொண்டு உராய்வு மின்பொறி ஒன்று செய்தார். 1812இல் நாகத் தகட்டை அரைப்பென்னிக் குற்றியின் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஏழு செம்பு அரைப்பென்னிக் குற்றிகளோடு மாறிமாறி அடுக்கி, நடுவில் உப்புத்தண்ணீரில் நனைத்த கடதாசி வைத்து ஒரு மின்கலம் கட்டினார். அந்தச் சின்னக் கலத்தால் மக்னீசியம் சல்பேற்றுக் கரைசலைப் பிரித்தும் காட்டினார். இதை நண்பன் அபட்டுக்கு எழுதின கடிதத்தில் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளுகிறார்.

புத்தகத்தை எப்படி வாசிப்பது எண்டும் அவர் ஒரு புத்தகத்தில்தான் படித்தார். ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் மனத்தை மேம்படுத்துவது பற்றி எழுதின நூல் அது. குறிப்பு எடு, விரிவுரைக்குப் போ, நண்பனுக்குக் கடிதம் எழுது, சொல்லை நம்பாமல் பொருளைப் பார் என்பது அதன் சாரம். பரடே இதை அப்படியே கடைப்பிடித்தார். டேற்றம் என்பவர் தன் வீட்டில் நடத்திய விரிவுரைகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு சிலிங் கட்டணம். அதைக் கொடுத்தது கொல்லுத்தொழில் செய்த அண்ணன் ரொபேட். தகப்பன் 1810இல் இறந்துவிட்டார். தம்பியைப் படிக்க வைக்கிற அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கினம்.

1812இல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் றோயல் இன்ஸ்டிடியூசனில் ஹம்பிரி டேவி நடத்திய நாலு விரிவுரைகளுக்குச் சீட்டு கொடுத்தார். டேவி அப்போது இங்கிலாந்தின் பெரிய நட்சத்திரம். பரடே மாடியில் இருந்து ஒவ்வொன்றையும் எழுதியெடுத்து, வீட்டில் திருத்தி, படம் வரைந்து, தன் கையாலேயே புத்தகமாகக் கட்டினார். ஏறக்குறைய நானூறு பக்கம். விஞ்ஞானத்தில் ஒரு கீழ்வேலையாவது தரச்சொல்லி முதலில் றோயல் சொசைற்றித் தலைவர் சேர் ஜோசப் பாங்ஸுக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி வரவில்லை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டபோது, அந்தக் கடிதத்துக்குப் பதில் தேவையில்லை எண்டு வாசலில் சொல்லிவிட்டார்கள். கடிதம் போட்டுவிட்டுப் பத்து வருசம் தபால்பெட்டியைப் பார்க்கிற எங்களில் சிலருக்கு இந்த இடம் வாசிக்கச் சுடும்.

ஏழு வருசப் பழகல் முடிந்து டி லா ரோஷ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்கார முதலாளியிடம் போனார். அந்த மனுசனுக்கு மூக்கு நுனியில் கோபம். அந்த டிசெம்பரில் தான் கட்டின விரிவுரைப் புத்தகத்தை டேவிக்கு அனுப்பினார். டேவி கூப்பிட்டுக் கதைத்தார், ஆனால் புத்தகம் கட்டுகிற தொழிலையே விடாமல் செய் எண்டுதான் முதலில் புத்தி சொன்னார். பிறகு ஆய்வுகூடத்தில் இருந்த உதவியாளர் அடிபிடிப்பட்டு வேலை இழந்தார். 1813 மார்ச் 1ஆம் திகதி பரடே அந்த இடத்தில் சேர்ந்தார். கிழமைக்கு 25 சிலிங், மேலே இரண்டு அறை, நிலக்கரி, மெழுகுதிரி. அன்றில் இருந்து அவரின் உழைப்புக் காலம் முழுக்க அந்தக் கட்டிடத்தில்தான். டேவியோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றினதும், டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாக நடத்தினதும் தனிக்கதை, அதை விட்டுவிடுகிறேன்.

1820இல் டென்மார்க்கில் ஏர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்னோட்டம் பாய்கிற கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டு வெளியிட்டார். அதோடு ஐரோப்பா முழுக்க ஆளாளுக்குக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்கள். பாரிசில் அம்பியர் கிழமைக்குக் கிழமை புதிது புதிதாக வெளியிட்டார். எது சரி, எது பிழை, எது மற்றவனைப் பார்த்து எழுதினது எண்டு ஒருவருக்கும் தெரியாத குழப்பம். ஒரு சஞ்சிகையின் ஆசிரியர், நண்பர் பரடேயிடம், மின்காந்தவியல் பற்றி இதுவரை வந்தவற்றை எல்லாம் வாசித்து ஒரு வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்.

இந்த இடத்தில்தான் அந்தப் புத்தகக்கடைப் பொடியன் வெளியே வருகிறான். வேறொருவர் என்றால் பத்துக் கட்டுரையை மேசையில் பரப்பி வைத்துச் சுருக்கி எழுதியிருப்பார். பரடே அவற்றில் சொல்லப்பட்ட பரிசோதனைகளை ஆய்வுகூடத்தில் திரும்பச் செய்து பார்த்தே எழுதினார். 1821, 1822இல் அந்த வரலாறு பெயர் போடாமல் பகுதி பகுதியாக வெளிவந்தது. பெரிய பெயருக்காக ஒன்றையும் ஏற்கவில்லை, சின்னப் பெயருக்காக ஒன்றையும் தள்ளவில்லை. அம்பியரின் கணிதம் தனக்கு விளங்கவில்லை எண்டு அம்பியருக்கே கடிதம் எழுதினார், தான் உண்மைகளைத் தடவித் தடவித்தான் நடக்க வேண்டியவன் எண்டும் ஒப்புக்கொண்டார். அப்படி மற்றவர்களின் எழுத்தைச் சோதிக்கும்போதுதான் அவர்கள் பார்க்காமல் விட்ட ஒன்று அவருக்குத் தெரிந்தது. 1821 செப்ரெம்பரில், பாதரசக் கிண்ணத்தில் தொங்கவிட்ட கம்பி ஒன்று மின்னோட்டம் பாயும்போது காந்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மின்காந்தத்தால் தொடர்ந்து சுழலும் இயக்கம் உலகத்தில் அதுதான் முதல்தடவை. எங்கட பக்ரறியில் காலைமுதல் இரைகிற மோட்டர் எல்லாம் அந்தக் கிண்ணத்தின் பேரப்பிள்ளைகள்.

இதில் அவர் ஒரு பிழையும் விட்டார், அதையும் சொல்லத்தான் வேணும். வொலஸ்டன் என்ற பெரியவர் இதற்கு அண்மையான எண்ணம் ஒன்றைப் பற்றி முன்பே கதைத்திருந்தார். பரடே அவசரத்தில் அவர் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்டுவிட்டார். களவு எண்டு கதை பரவியது. அவரைத் தூக்கிவிட்ட டேவியே பிறகு அவர் றோயல் சொசைற்றியில் சேருவதை எதிர்த்தார். இருந்தும் 1824இல் சேர்ந்தார். அதற்குப் பிறகு எந்தப் பரிசோதனையையும் திகதி போட்டு எழுதிவைப்பதிலும், கண்டதை உடனே வெளியிடுவதிலும் மிகவும் கவனமாக இருந்தார்.

இனி என் அட்டையில்லாப் புத்தகத்துக்கு வருவோம். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது, அப்படியென்றால் காந்தம் மின்சாரத்தை உண்டாக்க வேண்டுமே? பத்து வருசமாக இந்தக் கேள்வி பலரைத் தின்றது. பரடே 1824, 1825, 1828 எண்டு விட்டுவிட்டுச் செய்து பார்த்துத் தோற்றார். ஜெனீவாவில் கொலடன் எண்ட இளைஞர் 1825இல் சுருளுக்குள் பெரிய காந்தத்தைத் தள்ளிப் பார்த்தார். காந்தம் கல்வனோமானியைக் குழப்பக்கூடாது எண்டு அதைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தத்தை உள்ளே வைத்துவிட்டு நடந்து அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தால் ஊசி பூச்சியத்தில் நிற்கும். ஊசி அசைந்து திரும்பினதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. ஒரு ஆளை உதவிக்கு வைத்திருந்தால் உலகம் இன்று வேறு பெயரைச் சொல்லியிருக்கும்.

1831 ஓகஸ்ட் 29ஆம் திகதி பரடே ஆறு அங்குல அகலமான இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துக்குக் கொடுத்தார். மற்றச் சுருளின் பக்கத்தில் இருந்த ஊசி ஒருக்கா துடித்து நின்றது. மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருந்தாலும் ஊசி அசையவில்லை. தொடுப்பை எடுத்தபோது மறுபக்கமாகத் திரும்பவும் ஒருக்கா துடித்தது. எல்லோரும் நிலையான மின்னோட்டத்தைத் தேடினார்கள், அவருமே அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் துடிப்பை அவர் தள்ளிவிடவில்லை. ஒக்ரோபர் 17இல் காந்தக் கோலைச் சுருளுக்குள் தள்ளினார், ஊசி துடித்தது. இழுத்தார், மற்றப்பக்கம் துடித்தது. உள்ளே சும்மா வைத்தார், ஒன்றுமில்லை. ஒக்ரோபர் 28இல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவில் செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தார். அதுதான் டைனமோவின் தொடக்கம்.

ஆகவே காந்தத்தை வைத்தால் போதாது, அது அசைய வேணும். சுருளை ஊடறுக்கிற காந்தப்புலம் மாறுகிற நேரம் மட்டும்தான் மின்னோட்டம். இந்த ஒரு சொல்லை விட்டால் பாடம் முழுக்கப் பிழை. நான் இதை ஸ்பிரிங்வேல் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை வாசித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சின்னவயதில் எத்தனை இரவு அந்தப் பெடலைச் சுற்றியிருப்பேன்! கை நின்றால் தமிழோசையும் நின்றுவிடும். டைனமோவுக்குள் இருந்த காந்தம் அப்போதும் அங்கேயேதான் கிடந்தது. முகாமில் ஏழு பேர் நம்பின புத்தகத்தைப் பெரியப்பாவின் சைக்கிள் எப்பவோ பிழையெண்டு காட்டியிருந்தது. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இப்போது பிள்ளைகளுக்கு மின்சாரம் பற்றிப் புத்தகம் எடுக்கும்போது நான் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். காந்தம் நின்றால் ஊசி பூச்சியத்துக்குத் திரும்பும் எண்டு சொல்லியிருக்கிறதா? சொல்லியிருந்தால் எழுதினவர் செய்து பார்த்திருக்கிறார் அல்லது செய்து பார்த்தவரிடம் கேட்டிருக்கிறார். அட்டைப்படமும் விலையும் எனக்கு முக்கியமில்லை. பழைய புத்தகம் எண்டு தள்ளுவதும் இந்தப் பாடத்தில் சரியில்லை, 1831இல் துடித்த ஊசி இன்றைக்கும் அப்படித்தான் துடிக்கிறது.

பரடே தானே எழுதின மின்சாரத்தில் பரிசோதனை ஆராய்ச்சிகள் என்ற நூல் 1839, 1844, 1855ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. இப்போது இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம் போட்டிருக்கிறார், அது மூவாயிரத்தைத் தாண்டி ஓடுகிறது. சமன்பாடு எண்டு ஒன்றுமில்லை. செய்து தோற்றதையும் எழுதியிருக்கிறார். புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு தேடி ஒன்றும் கிடைக்காமல்போனதைக்கூட மறைக்காமல் அச்சடித்தார். உள்ளதைச் சொன்னால், இது சோதனைக்குப் படிக்கிற புத்தகம் அல்ல. நீளம், திரும்பத் திரும்ப வரும், என் ஆங்கிலத்துக்குக் கஷ்டமும்தான். கணக்குப் பழக எங்கட அண்ணன்மார் வைத்திருந்த நெல்கன்–பாக்கர் நல்லது. ஆனால் ஒருவர் எப்படி யோசித்தார், எங்கே வழி தவறினார், எப்படித் திரும்பி வந்தார் எண்டு பார்க்க வேண்டுமானால் இதைப்போல வேறொன்று நான் காணவில்லை.

கணிதம் தெரிந்த பலர் அந்தக் காலத்தில் பரடேயின் விசைக்கோடுகளைப் பெரிதாக மதிக்கவில்லை. காந்தத்தைச் சுற்றி வெளியில் கோடுகள் இருக்கெண்டு சொல்லுவது படிக்காதவனின் கற்பனை எண்டு நினைத்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்த ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் எண்ட இளைஞர், மின்சாரம் பற்றிக் கணித நூல்களைத் தொடமுன்பு பரடேயின் நூலை முழுக்க வாசிப்பதென்று முடிவெடுத்து வாசித்தார். அந்தக் கோடுகளுக்குள் கணிதம் ஒளிந்திருக்கிறது எண்டு கண்டார். 1857இல் மக்ஸ்வெலுக்கு எழுதின கடிதத்தில், கணிதக்காரர்கள் தங்கள் முடிவுகளை எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும் சாதாரண மொழியிலும் எழுதினால் என்ன எண்டு கிழவர் கேட்டார். 1873இல் மக்ஸ்வெலின் பெரிய நூல் வந்தபோது, படிக்கிறவர்கள் பரடேயையும் வாசிக்கவேணும் எண்டு அதன் முன்னுரையிலேயே சொன்னார். அதில் இருந்து வந்த மின்காந்த அலைகளை ஹேர்ட்ஸ் ஜேர்மனியில் உண்டாக்கிக் காட்டினார். ஹேர்ட்ஸின் வேலையைப் பற்றி லொட்ஜ் எழுதின நூலை வாசித்த ஜகதீஸ் சந்திர போஸ் 1894இல் கல்கத்தாவில் ஒரு தகரவேலைக்காரரை வைத்துத் தானே கருவி செய்து அந்த அலைகளை ஆராய்ந்தார்.

எங்கட ஆட்களிலும் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. மெல்பேண் தமிழர் பலருக்குத் தெரிந்த பேராசிரியர் எலியேசர், லாட்ரோப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து 2001இல் இங்கேயே காலமானவர், இளமையில் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் படித்தவர். இலத்திரனின் இயக்கத்துக்கு டிராக் எழுதின சமன்பாட்டை, இலத்திரன் நேரே புரோத்தனை நோக்கிப் போகும் நிலைமைக்குப் பிரயோகித்து, நடக்கமுடியாத விடை வருகிறது எண்டு 1940களில் காட்டினார். குருவின் எழுத்தையே உரசிப் பார்த்த பிள்ளை.

பரடேயின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1845இல் காந்தம் ஒளியையும் பாதிக்கும் எண்டு காட்டினார். சேர் பட்டம் வேண்டாம் என்றார், றோயல் சொசைற்றித் தலைமையையும் மறுத்தார். பிள்ளைகளுக்கு நத்தார் விரிவுரைகள் செய்தார். மெழுகுதிரி பற்றின விரிவுரை 1861இல் புத்தகமாக வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் அதைக் கட்டாயம் வாசிக்கவேணும். 1853இல் ஆவி வந்து மேசையைத் திருப்புகிறது எண்டு இலண்டன் முழுக்கப் பைத்தியம் பிடித்திருந்தபோது, மேசைக்கும் கைக்கும் நடுவில் ஒரு சின்னக் கருவி வைத்து, கையே தெரியாமல் தள்ளுகிறது எண்டு காட்டினார். அடுத்த வருசம் மனப்பயிற்சி பற்றி ஒரு விரிவுரை செய்தார். நாங்கள் விரும்புகிறதை நாங்களே சீக்கிரம் நம்பிவிடுகிறோம், தீர்ப்புச் சொல்லமுன்பு காத்திருக்கப் பழகவேணும் என்பது அதன் பொருள். 1840அளவில் இருந்து ஞாபகமறதி அவரை வருத்தியது. செய்த பரிசோதனையையே திரும்பச் செய்துவிடுவார், குறிப்புப் புத்தகம்தான் காப்பாற்றும். 1867 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஹம்ரன் கோர்ட்டில் தன் கதிரையில் இருந்தபடியே காலமானார். 1991இல் இருந்து 2001 வரைக்கும் இங்கிலாந்தின் இருபது பவுண் தாளில் அவர் படம் இருந்தது. இங்கே கார்ல்டனிலும் பரடே வீதி எண்டு ஒன்று இருக்கிறது, நல்ல கோப்பிக் கடைகள் உள்ள வீதி.

போன மாதம் என் மகள் நூலகத்தில் இருந்து மின்சாரம் பற்றி ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சுருளுக்குள் காந்தம் கிடக்கிறது, மின்குமிழ் எரிகிறது, கை ஒன்றையும் காணவில்லை. பிழை எண்டு சொல்ல வாய் எடுத்துவிட்டு நிறுத்தினேன். பக்ரறியில் எறிந்த எரிந்த மோட்டரில் இருந்து கம்பி கேட்டு எடுத்து வந்தேன். பிளாஸ்ரிக் குழாய்த் துண்டில் நானூறு சுற்றுச் சுற்றினோம், அவள்தான் எண்ணினாள், இரண்டுதரம் எண்ணிக்கை தவறியது. ஊசி உள்ள பழைய மீற்றர் ஒன்றை ஞாயிறு சந்தையில் வாங்கினேன். முதல்நாள் ஒன்றுமே நடக்கவில்லை, கம்பி முனைகளில் இருந்த வார்னிசைச் சுரண்ட மறந்துபோனேன். அடுத்தநாள் வேலையால் வந்து சுரண்டித் தொடுத்தோம். காந்தத்தைத் தள்ள ஊசி துடித்தது. உள்ளே விட, பூச்சியத்துக்குத் திரும்பி அப்படியே நின்றது.

மகள் கனநேரம் உள்ளே வெளியே எண்டு தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துப் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை வாசித்தாள். காந்தம் அசையும்போது எண்டு எழுத்தில் சரியாகத்தான் கிடந்தது, நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டேன். படத்தில் ஒரு அம்புக்குறி கீறட்டோ எண்டு கேட்டாள். நூலகப் புத்தகத்தில் கீறக்கூடாது என்றேன். ஒரு மஞ்சள் துண்டில் இரண்டு பக்கமும் அம்பு கீறி, அந்தப் பக்கத்துக்குள் ஒட்டி, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாள்.